ஐந்தாம் மெட்டு

திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினோரு வருஷமாய்ச் செக்கிங்.
நாளொன்றுக்கு அறுநூறு டீசர்ட்டைத்
திருப்பித் திருப்பிப் பார்ப்பவள் நான்.
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்,
எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில்
சிவப்பாய் ஒரு அம்பு ஸ்டிக்கர்.
தப்பியது கப்பலேறும்.
அம்பு வாங்கியது காதர்பேட்டைக்குப் போகும்,
கிலோக் கணக்கில்.

போனஸ் வந்த வாரம் கோயமுத்தூர் போனேன்.
அவிநாசி ரோட்டில்
நாற்பது ஊரில் ஒரே போர்டு மாட்டிய கடை.
கீழே புதுசு, ஏசி.
மாடியில் பழசு, ஃபேன்.
ஒவ்வொரு கிட்டார் கழுத்திலும் ஒரு அட்டை:
மிக நன்று. நன்று. பரவாயில்லை.
எங்கள் மேஜையில்
பரவாயில்லை என்றொரு தரம் கிடையாது.

கண்ணாடி அலமாரிக்குள் ஒன்று மட்டும் தனியாய்.
வார்னிஷ் வெடித்து, ஓரமெல்லாம் தேய்ந்து,
முறுக்காணி ஒன்று தொலைந்து
ஒட்டாத நிறத்தில் வேறொன்று.
விலை இரண்டே முக்கால் லட்சம்.
"இத்தனை அடி பட்டிருக்குது?" என்றேன்.
"அது விண்டேஜுங்க்கா" என்றான்
திருமூர்த்தி என்று பேட்ஜ் குத்திய பையன்.
"பக்கத்துல இருக்கறது?"
"அது யூஸ்டுங்க்கா."
"எத்தனை வருஷத்துல யூஸ்டு விண்டேஜ் ஆகுமுங் தம்பி?"
தலையைச் சொறிந்தான்.
"பெங்களூர்ல இருந்து லிஸ்ட் வருமுங்க்கா.
அதுல போட்டிருந்தா விண்டேஜ்."

எனக்கு நாற்பத்தொன்று.
லிஸ்டில் என் பெயர் வந்ததாய்
இதுவரை தகவல் இல்லை.

ஆறாயிரத்து இருநூறு ரூபாய்க்காரியை
எடுத்து மடியில் கிடத்தினேன்.
கண் தன் வேலையைத் தானே ஆரம்பித்துவிட்டது.
முதுகில் பெல்ட் பக்கிள் கீறல், ஒரு விரல் நீளம்.
இடுப்பில் ஸ்டிக்கர் உரித்த பசை, நட்சத்திர வடிவில்.
கழுத்தில் முதல் மூன்று மெட்டு வரைக்கும்
கட்டை குழிந்து பளபளக்கிறது.
நாலாவதிலிருந்து
பல்லடம் ரோட்டு சைட் மாதிரி
கல் நட்டபடியே, ஆள் குடியேறாமல்.

யார் என்று கேட்டேன். சொல்லக் கூடாதாம்.
கொச்சிக் கிளையில் இதைக் கொடுத்துவிட்டுப்
புதுசு ஒன்று எடுத்துப் போனவர்,
அவ்வளவுதான் கம்ப்யூட்டரில்.
வருஷக்கணக்கில் அந்த மூன்று வீட்டுக்குள்ளேயே
நடந்து நடந்து வாழ்ந்திருக்கிறார் மனுசன்.
சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.
ஆறு மாதமாய் நான் பழகியது
கட்டிங் டேபிள் மர ஸ்கேலில்
பேனாவால் ஆறு கோடு இழுத்து,
போனைச் சுவரில் சாய்த்து வைத்து, சத்தமில்லாமல்.

காந்திபுரத்தில் பஸ்ஸேறினேன்.
"அதுக்கும் டிக்கெட்டுங்."
"கொழந்தையாட்ட நெனச்சுக்குங் அண்ணா."
"அஞ்சு வயசுக்கு மேலன்னா அரை டிக்கெட்டுங்."
அவிநாசி தாண்டும்வரை
அதன் வயதை யோசித்துக்கொண்டே வந்தேன்.

பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பலாம்,
பில் பத்திரம் என்றிருந்தான் திருமூர்த்தி.
ஆறாம் நாள் ராத்திரி
விரல் முதல்முறையாய் ஐந்தாம் மெட்டுக்குப் போனது.
ர்ர்ர் என்றது.
பவர்டேபிளில் ஊசி உடைந்து துணியில் மாட்டிக்கொண்ட மாதிரி.
கையை எடுத்து மறுபடி வைத்தேன்.
ர்ர்ர்.
விளக்கில் சாய்த்துப் பார்த்தால்
அடுத்த மெட்டு ஒரு மயிரிழை தூக்கல்.
தேய்ந்ததோ அடிபட்டதோ இல்லை.
செய்த இடத்திலிருந்தே வந்த டேமேஜ்.
அங்கேயும் ஒருத்தி செக்கிங்கில் இருந்திருப்பாள்,
மாலை ஆறு மணிக்கு, கண் எரிய.
கொச்சிக்காரருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.
அவர் இந்தப் பக்கம் வந்ததில்லை.

பையில் கிடந்த ஷீட்டிலிருந்து
ஒரு சிவப்பு அம்பை உரித்து
அந்த இடத்தில் ஒட்டினேன்.

ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை.
தூத்துக்குடிக்குக் கன்டெய்னர், ஒன்றரை ஷிப்ட்.
கோயமுத்தூர் போக முடியவில்லை.
யார் கேட்டாலும்
அதைத்தான் சொல்வேன்.