தட்டிக் கேட்பவள்

இருபத்தோராண்டாக என் வேலை இது:
கப்பலின் வயிற்றுக்குள் தவழ்ந்துபோய்
பற்றவைப்புத் தையல்மேல் பசை தடவி
கட்டைவிரல் அளவுக் கருவியை வைப்பேன்.
காதுக்கு எட்டாத ஓர் ஒலி
இரும்புக்குள் இறங்கி
அடித்தகட்டைத் தொட்டுத் திரும்பும்.
சீக்கிரம் திரும்பினால்
நடுவழியில் ஏதோ மறித்திருக்கிறது.

க்டினியாவில் எனக்கு அதுதான் பெயர்:
போக்னா, தட்டிக் கேட்பவள்.

மருத்துவமனைக் கடிதத்தை
இரண்டு முறை தட்டிக் கழித்தேன்.
முதல் தடவை, படகுக்கு வெள்ளோட்டம்.
அடுத்த தடவை, நாய்க்கு வயிற்றுப்போக்கு.
மூன்றாவதாக லூட்சினாவே கூப்பிட்டாள்:
"எக்ஸ்ரேயில் உங்கள் மார்பகம் முழுக்க வெள்ளை.
கட்டி இருந்தால் அதுவும் வெள்ளைதான்.
பனிவெளியில் வெள்ளை முயலைத் தேடுகிறோம்.
ஒலியால் அளந்து பார்க்கலாமே,
அழுத்தமாட்டோம், வலிக்காது."

மேசையில் ஒரு துளை.
குப்புறப் படுத்தேன்.
கீழே வெதுவெதுப்பான தண்ணீரில்
என் இடது மார்பு தனியே மிதந்தது,
நாற்பத்தேழு வருஷத்தில் அதற்கு முதல் நீச்சல்.
ஒரு வளையம் அதைச் சுற்றி
மெதுவாக மேலேறியது,
கைக்குப் பொருந்தாமல் யாரோ கழற்றும் வளையல் மாதிரி.
எத்தனை இரும்புத் தகடுகள்
இப்படி என் முன்னால் கிடந்திருக்கும்!
ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை,
குளிர்கிறதா என்று.

கொழுப்பில் ஒலி சோம்பி நடக்கும்.
சுரப்பியும் நாரும் நெருங்கிய இடத்தில்
வேகம் பிடிக்கும்.
அடர்த்தியைக் கண்டுபிடிக்க
ஓடிவந்த களைப்பைக் கேட்டால் போதும்.
இது எனக்குப் பாடம் அல்ல, சம்பளம்.

"எவ்வளவு?" என்று கேட்டேன்.
லூட்சினா நிமிர்ந்தாள்.
எல்லாரும் 'இருக்கிறதா' என்றுதான் கேட்பார்களாம்,
வேகம் எவ்வளவென்று யாரும் கேட்டதில்லையாம்.
"விநாடிக்கு ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறு மீட்டர்,
சராசரியாக."
இரும்பில் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் என்றேன்.
சிரித்தோம்.
தண்ணீர் இன்னும் என் விலாவில் வழிந்துகொண்டிருந்தது.

பிறகு டாக்டர்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
கட்டி எதுவும் தெரியவில்லை.
ஆனால் அடர்த்தி அதிகம்.
அடர்த்தி நோயல்ல.
நோய் வரும் வாய்ப்பு,
மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல்.
வருஷந்தோறும் வாருங்கள், பார்த்துக்கொண்டே இருப்போம்.

எனக்கு ஸெனோன் நினைவுக்கு வந்தான்,
எங்கள் மேற்பார்வையாளன்.
"விரிசலா இல்லையா? ஒரே சொல்லில் சொல்!"
என்று ஏணியடியில் நின்று கத்துவான்.
விரிசல் இல்லை, ஆனால் இந்த இடத்தை
அடுத்த முறை மறுபடி பார்க்கவேண்டும் என்பேன்.
கோழை என்பான். கையெழுத்துக்கு மட்டும் வருவான்.

அன்று அந்த வெள்ளை அறையில்
ஸெனோன் என் தொண்டையில் ஏறி உட்கார்ந்தான்.
ஒரே சொல்லில் சொல்லுங்கள் டாக்டர்,
என்று கேட்டே விட்டேன்.
அவர் கோபப்படவில்லை.
"மறுபடி" என்றார்.
ஒரே சொல்தான்.

டிராலிபஸ்ஸில் திரும்பும்போது
பக்கத்து இருக்கைக் கிழவர்
ஹெர்ரிங் பொதியை மடியில் அணைத்திருந்தார்,
மிகக் கவனமாக.
நானும் கோட்டுக்குள் கைகட்டி
எதையோ அணைத்துத்தான் உட்கார்ந்திருந்தேன்.

திங்கள்கிழமை, உறைபனி.
நாற்பத்தொன்றாம் தகடு.
பசைக்குழாயைத் திறந்து
உள்ளங்கையில் கொஞ்சம் பிதுக்கி
சூடேறும்வரை வைத்திருந்தேன்.
இரும்புக்கு அது தேவையில்லை, தெரியும்.
"என்ன தாமதம்?" என்று
கீழிருந்து ஸெனோன் கத்தினான்.

கேட்டுக்கொண்டிருக்கிறேன், என்றேன்.