நாகம் பொறுக்குதல்

ஓட்டமாவடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம்
லாபிரின் டயர்க் கடையில்
எனக்கென்று ஒரு கிரீஸ் வாளி கிடக்கும்.
மாதத்தில் இரண்டு தரம் போவேன்.
சில்லுகளில் இருந்து கழற்றிப் போட்ட ஈயம்,
சிகரெட் அடி, வால்வு மூடி,
ஒருமுறை செத்த பல்லி.

"வாளியோட நிறுப்பம் அக்கா."
"வாளியையும் உருக்கவா தம்பி?"
இப்படித்தான் தொடங்கும்.

சாக்கை விரித்துக் கொட்டிக் குந்துவேன்.
முதலில் காந்தம்,
உடைந்த ஸ்பீக்கரில் கழற்றியது.
கொளுக்கி எல்லாவற்றிலும் ஒட்டும், அதை நம்பக் கூடாது.
உடம்பில் வைத்துப் பார்க்க வேண்டும்.
உடம்பில் ஒட்டினால் இரும்பு. அது லாபிருக்கே.

மறுகா கல்லில் போட்டுக் கேட்பேன்.
ஈயம் தொப்பென்று விழும்
இரவுத் தொழிலால் வந்து பாயில் சரிகிறவனைப் போல.
நாகம் கிணுங்கும்.
சந்தேகம் என்றால் குறடு:
வாய் இறங்கினால் எனக்கு
வழுக்கினால் வேண்டாம்.

புது வாகனங்களில் இப்போது நாகம்தான் கூட.
இரண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே வளைவு.
ஒரு துண்டு தப்பிச் சட்டிக்குள் போய்
சூடும் கூடிவிட்டால்
முழுவதும் உளுத்தங்கூழாய்த் திரளும், அச்சில் இறங்காது.
போன மார்கழியில் பதினொரு கிலோ.
மழைக்கு அவசரப்பட்டேன்.

எனது மணிகள்
பேத்தாழைக்கும் நாசிவன்தீவுக்கும் போகின்றன.
எறிவலை ஒன்றுக்கு நாலரைக் கிலோ.
வாவியின் அடியில் சேற்றைத் தொடுகிற முதல் ஆள்
நான் வார்த்தது.

முழங்கைக்குக் கீழே ஐந்து புள்ளி,
ஈரத் துண்டு விழுந்து சட்டி வெடித்த நாள்.
சோதனைச் சாவடி இருந்த காலத்தில்
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
எதனால் வந்தது என்றார்கள்.
மீனால் என்றேன்.
மூன்று தரம் கேட்டார்கள்
மூன்று தரமும் மீனால்.

போன செவ்வாய் ஒரு மனுசன்
டயருக்குக் காத்திருந்தவன்,
வாகரைக்கு உள்ளே எங்கேயோ சேனை.
நான் பிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"நல்லாப் பிரிக்கிறீங்ககா."
போனில் படம் காட்டினான்:
விழுந்த சோளம், உழுத மாதிரி மண், பன்றிக் குளம்படி.
மூன்று ஏக்கர், ஒரே ராத்திரி.
பெருவிரல் நகத்தை நீட்டினான்.
"இவ்வளவு. உருண்டையா.
கிலோவுக்கு மூண்டு மடங்கு தாறன்."

லாபிர் கொம்பிரசரைப் போட்டார்.
நிரப்ப அப்போது ஒரு டயரும் இல்லை.

விழுந்த சோளம் பொய்யில்லை.
மகளின் டியூசன் காசு
இரண்டு மாதம் நிற்பதும் பொய்யில்லை.

"என்ட அச்சில நடுவில கம்பி நிக்கும்," என்றேன்.
"கயிறு போற ஓட்டை.
ஓட்டை இல்லாத குண்டு எனக்கு வராது."

"கம்பியக் கழட்டினா வரும்தானே?"

கொம்பிரசர் நிறைந்து தானாக நின்றது.
எல்லாருக்கும் கேட்கும்படி
"வரும்தான்," என்று சொல்லிவிட்டேன்.
பிறகு ஒரு துண்டை எடுத்துக் கல்லில் போட்டேன்.
என்ன சத்தம் என்று கேட்க மறந்துபோனேன்.
அதை எந்தக் குவியலில் வைத்தேன் என்றும் தெரியாது.

பத்துக் கிலோ முந்நூறு. வாளி கழித்து.

இரவு, பிள்ளையை உள்ளே படுக்கவைத்து
காற்றுக்கு முதுகு காட்டிச் சட்டியை வைத்தேன்.
கொளுக்கிகள் மேலே வந்தன, அரிகரண்டியால் அள்ளினேன்.
சூட்டைக் கூட்டவில்லை.
கடைசியில், கொளுக்கி இல்லாத ஒன்று
கருகாமல் கரையாமல்
மிதந்துகொண்டே இருந்தது.
எடுத்து மணலில் எறிந்தேன்.

அச்சைத் திறந்து, விரலால் தடவிப் பார்த்தேன்.
கம்பி இருந்தது.
ஊற்றினேன்.

லாபிரின் பில்லுக்குப் பின்னால்
அவன் எழுதித் தந்த நம்பர்
அரிசிப் பேணிக்குக் கீழே இருக்கிறது.
ஏழா ஒன்றா என்று
ஒரு இலக்கம் மட்டும் விளங்கவில்லை.