பீரோவின் முதுகு

ஒரே அறை, ஒரே ஜன்னல்.
அது கிழக்கே பார்க்கிறது,
எனக்குச் சாதகமாக,
தயாளனுக்கு விரோதமாக.

பட்டரவாக்கத்தில் இரவு ஷிப்ட் முடித்து
ஆறே முக்காலுக்கு வந்து கட்டிலில் விழுவான்.
அதே நேரம் வெயிலும் வந்து விழும்
அவன் இமை மேல்.
ஈரத்துண்டை முகத்தில் மூடிக்கொண்டு
மல்லாந்து தூங்குகிறவனைப் பார்க்க
எனக்குப் பிடிக்கவில்லை.
ஏன் என்று வாய்விட்டுச் சொல்லவும் பிடிக்கவில்லை.

திரை போட்டால் எனக்கு ஊசிக்காது தெரியாது.
ஆவணி முகூர்த்தத்துக்குப் பதினொரு பிளவுஸ் பாக்கி.
டியூப்லைட்டில்
கத்தரிப்பூவும் கருநீலமும் ஒன்று;
தப்பு நூலில் தைத்து
இரண்டைப் பிரித்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பரில்
கட்டில், மெஷின், பீரோ என்று வெட்டி
தரையில் பரப்பி நகர்த்திக்கொண்டிருந்தேன்.
தெரியாமல் ஃபேனைப் போட்டான்.
கட்டில் பறந்து அடுப்படிக்குப் போயிற்று.
"அங்கேயே இருக்கட்டும்,
டீ போட வசதி" என்றான்.

வீட்டுக்காரம்மா படியிறங்கி வந்தார்.
"கன்னிமூலையிலேர்ந்து பீரோவ எடுக்காதே,
காசு தங்காது."
லாக்கரைத் திறந்து பார்த்தேன்.
எட்டு வருஷமாகத் தங்கியிருந்தவை:
கேஸ் புத்தகம், ஒற்றைக் கொலுசு,
அடகுச் சீட்டு இரண்டு.
மூடினேன்.

மாடி வீட்டு சிராஜ் ஒரு பக்கம்,
நாங்கள் இருவரும் மறுபக்கம்,
அடியில் ஈரச் சாக்கு.
ஒரு காலை ஊன்றி மறுகாலைத் திருப்பி,
குடித்துவிட்டு வந்த பெரியப்பாவை
வீடு சேர்ப்பது போல
நடத்திக் கூட்டிப் போனோம்.

அது நின்ற இடத்தில்
நான்கு துரு வட்டம்,
ஒரு பாபின், பல்லி முட்டை ஓடு.
சுவரில் முழங்கால் உயரத்தில்
அந்த டிசம்பரில் தண்ணீர் நின்ற கோடு.
வெள்ளையடித்தவர்கள் பீரோவை அசைக்காமல்
சுற்றி மட்டும் அடித்திருக்கிறார்கள்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
"எங்களுக்கு மேல வரல" என்றார் சிராஜ்,
ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி.

அறையின் நடுவே நிறுத்தினோம்.
கண்ணாடி ஜன்னலைப் பார்க்க,
முதுகு கட்டிலைப் பார்க்க.
கண்ணாடிக்கும் ஜன்னலுக்கும் இடையில்
என் மெஷின்.

திங்கட்கிழமை வெயில் வந்தது,
ஜன்னல் வழியே ஒரு தரம்,
கண்ணாடியில் மோதித் திரும்பி இன்னொரு தரம்.
துணியில் என் கையின் நிழலைத் தேடினேன்,
காணோம்.
கருநீலம் கருநீலமாக இருந்தது.
பீரோவுக்கு அந்தப் பக்கம் இருட்டு.
அதில் தயாளன்,
வாய் திறந்து,
முகத்தில் துண்டில்லாமல்.

மெஷின் சத்தத்தில் எப்படித் தூங்குகிறான் என்று
சிராஜ் வீட்டில் கேட்டார்கள்.
ஓடினால் தூங்குகிறான்.
நூல் அறுந்து நின்றால்தான்
"என்னாச்சு" என்று
தகரத்துக்குப் பின்னாலிருந்து குரல் வருகிறது.

குறை இல்லாமல் இல்லை.
ஒருக்களித்தால்தான் அந்தப் பக்கம் போகலாம்.
ஃபேன் காற்று இரண்டாகப் பிரிந்து
இரண்டு பேருக்கும் போதவில்லை.
படுக்கப் போகுமுன் லுங்கி எடுக்க
அவன் என் பக்கம் வந்தாக வேண்டும்.
கதவைத் திறக்கிறான்.
வெயில் ஒரு துண்டு கழன்று
சுவரெல்லாம் ஓடி
தண்ணீர்க் கோட்டைத் தாண்டி
எங்கோ போய்விடுகிறது.
"மூடுடா" என்கிறேன்.
லுங்கி கிடைக்கும்வரை
மூடமாட்டான்.

இன்னும் ஒன்பது பிளவுஸ்.