மாதிரி அறுநூற்று முப்பத்தெட்டு

ஒட்டுசுட்டான் சங்கக் கட்டடத்தில்
ஒரு மின்விசிறிதான் சுற்றுகிறது.
மேசையில் ஏழு பேர்.
ஆளுக்கு மூன்று துண்டு, விரல் நீளம்,
ஒரு கோப்பை வெந்நீர், ஒரு பென்சில்,
ஒன்றிலிருந்து ஒன்பது வரை கட்டம் போட்ட தாள்.
துண்டுகளுக்குப் பெயரில்லை, இலக்கம் மட்டும்.
பெயர் தெரிந்தால் நாக்குப் பக்கம் சாயுமாம்.
செய்தவள் உள்ளே நிற்கவும் கூடாதாம்.
நான் யன்னலுக்கு வெளியே,
தண்ணீர்த் தாங்கியின் நிழலில்.

வெற்றிலை போடுகிறவர்கள் வேண்டாம் என்று
அறிவித்தலில் எழுதியிருந்தோம்.
"இப்ப நான் போடுறேல்லை" என்றார்
பரிமளகாந்தன் அண்ணை,
பல்லெல்லாம் சிவக்க.

இருநூற்றுப் பதினொன்று:
கச்சான், எள்ளு, பனங்கட்டி.
"இது கச்சான் தட்டு" என்றான் லொறிக்கார றெஜினோல்ட்.
"பஸ்சுக்குள்ளை அம்பது ரூபா.
நீங்கள் கடதாசி சுத்திப்போட்டு
முந்நூற்றைம்பது எண்டுறியள்."
யசோமலர் அதைக் 'கருத்து' என்ற பெட்டிக்குள்
சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

ஐந்நூற்று நான்கு:
மாம்பழ வற்றல், வறுத்த பயறு, தேன்.
கடைவாயில் ஒட்டிக்கொண்டது.
தவமணி ரீச்சர் சுண்டுவிரலால் தோண்டினார்,
முதலில் கையால் மறைத்து,
பிறகு மறைக்காமல்.

மூன்றாவது என்னுடையது.
பாலைப்பழமும் மரமுந்திரிகையும்.
பாலைப்பழத்தைக் காயவைத்துப் பாருங்கள், தெரியும்.
முதல் தட்டுக் கல்லாய்ப் போனது.
இரண்டாவது எறும்புக்கு.
நாலாவது நாள் மழை.
அதன் பால் உதட்டை உதட்டோடு ஒட்டும்;
வெளிநாட்டில் அப்படி ஒட்டினால்
வழக்குப் போடுவார்கள் என்றார்கள்.
சுடுநீரில் அலசி, தேசிப்புளி தெளித்து,
திரும்ப அலசி
எட்டாம் தடவைதான்
ஒட்டாத பாலைப்பழம் கிடைத்தது.

மரமுந்திரிகை, குளத்துக்கு அங்காலைக் காணி.
போன மாதம் சேதனச் சான்றிதழுக்கு
கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார்,
வெள்ளைச் சப்பாத்து,
கையில் கண்ணாடிப் பலகை மாதிரி ஒன்று.
இரசாயனப் பசளை போட்டு எத்தனை வருடம்?
பதினாலு, என்றேன்.
அவ்வளவு கட்டுப்பாடா, என்று வியந்தார்.
கட்டுப்பாடில்லை ஐயா,
மிதிவெடி என்று பலகை நட்டுக் கம்பி இழுத்திருந்தது,
பசளையோடு போக ஆளில்லை.
அவருக்கு அதற்கொரு கட்டம் கிடைக்கவில்லை.
விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு
அடுத்த கேள்விக்குப் போனார்:
மண்ணில் வேறு இரசாயனம் ஏதும் விழுந்ததா?
எதைக் கேட்கிறீங்கள், என்றேன்.
மொழிபெயர்க்க வந்த தம்பி
அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.
மூன்று கிழமையில் சான்றிதழ் வந்தது.
உறையில் இனிப் பச்சை இலை ஒன்று போடலாம்.

உள்ளே சத்தமில்லை.
மெல்லுகிற சத்தம்தான்.
தாயோடு வந்த கீர்த்திகன்,
கணக்கில் சேராத எட்டாவது ஆள்,
தாயின் துண்டில் பாதியைக் கடித்துவிட்டு
மற்றப் பாதிக்குக் கை நீட்டினான்.
றெஜினோல்ட் விலை கேட்கவில்லை.
எனக்குக் கால் கூசியது.

தாள்கள் வந்தன.
எட்டு. எட்டு. ஒன்பது. ஏழு. எட்டு. ஒன்பது.
இரண்டு.

பெயர் எழுதத் தேவையில்லாத தாள்.
ஓரத்தில் மட்டும் சிவப்பாய் ஒரு பெருவிரல்.
பென்சிலை அழுத்தி எழுதியிருந்தார்:
'நல்ல இனிப்பு. ஆனால் உதடு ஒட்டேல்லை.
இது பாலைப்பழமில்லை.'

அந்த மனிசனைத் திட்டிக்கொண்டே
தட்டுகளைக் கழுவினேன்.
திட்டிக்கொண்டே அடுப்பை மூட்டினேன்.
பிறகு, எல்லாரும் போன பிறகு,
அலசாத பழத்தில் ஒரு பிடி எடுத்துக்
கலவையில் போட்டு அழுத்தினேன்.
ஆறும்வரை பொறுக்கவில்லை.
யன்னலருகே நின்று ஒரு துண்டு கடித்தேன்.

"அக்கா, எத்தினை போட?"
யசோமலர் பென்சிலோடு வாசலில் நிற்கிறாள்.
நான் வாயைத் திறக்கப் பார்க்கிறேன்.