ஏற்றத்தில் மட்டும்

மோல்மேனில் என் பட்டறை வாசலில்
அந்த லாரி நன்றாகத்தான் நின்றது.
நன்றாகத்தான் ஓடவும் செய்தது.
அதுதான் தொல்லை.

சமவெளியில் சாது. தோனா மலை ஏறினால்
மூன்றாவது வளைவில் மூச்சு முட்டி,
மஞ்சள் விளக்கு எரிந்து, நின்றுவிடும்.
கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால்
ஒன்றுமே நடக்காததுபோல் பற்றிக்கொள்ளும்.
"பேய், சயா" என்றான் ஓட்டுகிற ஸோ லின்.
கண்ணாடிக் கம்பியில்
மலைத் தெய்வத்துக்குக் கட்டிய துணி,
சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, வெயிலில் வெளுத்து.

ஸ்கேனர் பேய் என்று சொல்லவில்லை.
ரயில் அழுத்தம் குறைவு என்றது.
எஞ்சின் கேட்டது ஆயிரத்து இருநூறு பார்,
வந்தது ஐந்நூறு.
மீதி எழுநூறு எங்கே என்று கேட்டால் பேசாது.
கணக்குப்பிள்ளை மாதிரி:
குறைவதைக் காட்டுவான், எடுத்தவனைக் காட்டமாட்டான்.

சென்சாரை அளந்தேன். அரை வோல்ட்.
பொய் சொல்லவில்லை.
நான்கு இன்ஜெக்டரின் திரும்பு குழாயிலும்
ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலைக் கட்டி ஓடவிட்டேன்.
நான்கிலும் டீசல் ஒரே உயரம்,
பந்தியில் சண்டை போடாத பிள்ளைகள்.
ஃபில்டர் போன மாதம் போட்டது.
அடியில் திறந்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர், அவ்வளவே.

"பம்புதான்" என்றேன்,
அடுத்தவர் பணத்தில் வருகிற துணிச்சலோடு.
வண்டிக்காரி தோ மியா யீ, வெங்காய வியாபாரம்.
போனில் விலை சொன்னேன். இருபத்தெட்டு லட்சம் சாட்.
அந்தப் பக்கம் தராசு வைக்கிற சத்தம் கேட்டது.
"நாளைக்குச் சொல்கிறேன்."

இரவு முழுக்க அந்தக் கால் மணி நேரம்
கொசு மாதிரி காதில்.
தேய்ந்த பம்பு
ஓரமாய் நின்று இளைப்பாறினால் தேறிவிடுமா?

விடியுமுன் நாற்பது மூட்டை ஏற்றினோம்.
அலோசியஸ் முன்சீட்டில்,
முழங்கால்களுக்கு நடுவே ஒரு கேன் டீசல்.
மூன்றாவது வளைவு. ஐந்நூறு.
இறங்கிப் படுத்துப் பார்த்தேன்.
கண்ணாடிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லை.
ஆனால் டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாய்
பட்டினிக்காரன் கன்னம்போல் ஒட்டிக் கிடந்தது.
கேனிலிருந்து நேராகக் கொடுத்தேன்.
ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு!
மலை போனது, வெங்காயம் போனது,
ஸோ லின் ஹாரன் அடித்தான்,
யாரும் இல்லாத சாலையில்.

பம்பு இல்லை. டேங்க்.

திரும்பி வந்து கழற்றிக் கவிழ்த்தோம்.
கடைசி டீசலோடு வழுக்கி விழுந்தது
உள்ளங்கை அகலம் ஒரு நீலத் துண்டு.
சும்மா இருக்கும்போது மிதக்கும்,
பலமாய் இழுத்தால் வந்து வாயைப் பொத்தும்,
நிறுத்தினால் விலகிக்கொள்ளும்.
பேயும் இப்படித்தான் செய்யுமாக இருக்கும்.

"பேய் நீலமா இருக்கே" என்று சிரித்தான் ஸோ லின்.
அலோசியஸ் சிரிக்கவில்லை.
பட்டறையின் மேற்குப் பக்கம் பார்த்தான்,
மழைக்குக் கட்டிய தார்ப்பாயின் மூலையை.
அங்கே உள்ளங்கை அகலம் வானம் தெரிந்தது.

போன திஞ்ஜானுக்கு முன்னால்
இந்த லாரியின் மூடி தொலைந்திருந்தது.
புது மூடி வரும்வரைக்கும் என்று
அறுத்துக் கட்டியது என் கத்தி.
கட்டிய கம்பி இன்னும் டேங்கின் கழுத்தில் இருக்கிறது,
என் முடிச்சு, இடப்பக்கம் முறுக்கியது.

போன் அடித்தது.
"வளையலை அடகு வைத்துவிட்டேன், சயா.
பம்புக்குச் சொல்லிவிடுங்கள்."
"பம்பு வேண்டாம், அம்மா."
"அப்படியென்றால் கோளாறு எதில்?"

சமவெளிப் பேச்சுக்கு எனக்குக் குறைச்சல் இல்லை.
இது ஏற்றம்.
தொண்டையில் ஏதோ வந்து
வாயைப் பொத்தியது.

"கால் மணி நேரத்தில் கூப்பிடுகிறேன்" என்றேன்.