பென்சில் கணக்கு

கடல் உறையும் பிப்ரவரிகளில்
ஹீயுமா தீவிலிருந்து அக்கரைக்குக்
காரிலேயே போய்விடலாம்.
இருபத்தைந்து கிலோமீட்டர், தண்ணீரின் கூரைமேல்.
சீட் பெல்ட் மட்டும் போடக் கூடாது.
பனி உடைந்தால் கதவைத் திறந்து குதிக்க வேண்டும்,
கொக்கியைத் தடவ நேரமிருக்காது.

இதை எனக்குச் சொன்னவன் ஹெல்தூர்.
துளைக்கருவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு
பனியின் தடிமனை அளப்பது அவன் வேலை.
தபால் வண்டியின் முன்னிருக்கையில் நான்,
பெல்ட்டை இறுகப் பூட்டியபடி.
கண்ணாடியைத் தட்டினான்:
"அம்மணி, அவிழ்த்துவிடுங்கள்.
இங்கே கட்டுப்படாமல் இருப்பதுதான் பத்திரம்."

எத்தனை பெண்களிடம் சொன்னாய் இதை என்று
மணமான பிறகு கேட்டேன்.
"எல்லாரிடமும். அரசாங்க விதி அல்லவா" என்றான்.

இன்னொரு விதியும் உண்டு அந்தச் சாலைக்கு.
இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வேகம் ஆகாது;
அடியில் அலை திரண்டு பனியைப் பிளக்கும்.
மெல்லப் போ, இல்லையேல் விரைந்து போ.
எங்கள் சண்டைகளும் அப்படித்தான் ஓடின.
உருளைக்கிழங்கு வேகும் முன்னே முடிந்துபோகும் சில.
சவுனாவின் புகைபோக்கி இடமா வலமா என்பது மட்டும்
பதினோரு வருடம்.
(வலம். நான் சொன்னதுதான் சரி.)

மகிழ்ச்சியாக இருந்தோம்.
வேறு சொல் தேடிப் பார்த்து அலுத்துவிட்டேன்,
அதுவே இருக்கட்டும்.
கட்டிலில் என் பக்கம் படுத்துச் சூடாக்கிவிட்டு
நான் வரும்போது
தன் குளிர்ந்த பக்கத்துக்கு நகர்ந்துகொள்வான்,
முனகிக்கொண்டேதான்.
புகையிட்ட தட்டைமீனின் முள்ளை
அந்தத் தடித்த விரல்கள் எப்படித்தான் எடுத்தனவோ!
டீசலும் சூரைமரப் புகையும் மணக்கும் சட்டை.
பாட்டென்று அவன் நினைத்துக்கொண்ட ஒரு சத்தம்.

ஜூனில் போனான்.
இருட்ட மறந்த இரவு.
பனிக்காரன் போவதற்கு அது ஒரு மாதமா?
கையில் தேநீர்க் கோப்பை இருந்தது.
சிந்தக்கூட இல்லை.

இலையுதிர் காலத்தில் அவன் அலமாரியைத் திறந்தேன்.
முப்பத்தொரு வருட நாட்காட்டிகள்,
ஒன்றைக்கூட எறியவில்லை.
ஜனவரிக் கட்டங்களில் பென்சிலால் 19, 22, 24.
சென்டிமீட்டர்.
மார்ச்சில் குறைந்து குறைந்து ஒரு கோடு:
சாலை மூடப்பட்டது.
சரிதான் என்று மூடப்போனவள்
மே மாதத்தில் நின்றுவிட்டேன்.
7. 4. 11. நடுவில் ஒரு ஞாயிறன்று 16,
பக்கத்தில் ஆச்சரியக்குறி.

மே மாதத்தில் என்ன பனி?
வாய்க்காலில்கூடத் தவளை கத்தும் பருவம்.
தபால்களின் எண்ணிக்கையா? பிடித்த மீன்களா?
கடனா? வேறொருத்தியா?
இரண்டு நாள், வெட்கமில்லாமல்,
அந்த எண்களைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ரொட்டி மாவைச் சலிக்கும்போது
மூக்கில் மாவு ஏறியது. தும்மினேன்.
தும்மிவிட்டு
அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிர்ச் மரம் பூக்கும்போதெல்லாம்
நிறுத்தத் தெரியாமல் தும்முகிறவள் நான்.
நடுவில் வாழ்த்தவே மாட்டான்.
கதவோரம் நின்று கடைசித் தும்மல் வரை காத்திருந்து,
ஒரே ஒருமுறை, "நலமாயிரு, மைமு."
வாழ்த்திவிட்டு எங்கே போகிறான் என்று
ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

இப்போதெல்லாம் கடல் ஒழுங்காக உறைவதில்லை.
படகில்தான் போக்குவரத்து.
போன வாரம், கப்பலின் இரும்புப் பலகையில்
கார் ஏறிய கணத்தில்
என் கை தானாகப் பெல்ட்டை அவிழ்த்தது.
மஞ்சள் சட்டைப் பையன் ஓடி வந்து அதட்டினான்:
"இன்னும் நிறுத்தவில்லையே, அம்மா!"
மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.
கரையிலிருந்து பிர்ச் பூவின் தூசு.
ஒன்று, இரண்டு, மூன்று...
பையன் பயந்துபோய் நின்றான்.

ஒன்பது.

யார் நினைத்தார்களோ.

கைப்பையில் பென்சில் இருந்தது.
டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டேன்,
வீட்டுக்குப் போனதும்
கட்டத்தில் ஏற்ற.