மேய்கிற சத்தம்

மேலூரைத் தாண்டி ஒரு மலை இருந்த இடத்தில்
இப்போது தொண்ணூறடித் தண்ணீர்.
மலை எந்தெந்த ஊரிலோ
சமையல்மேடையாக மெருகேறிக் கிடக்கிறது.
எங்களுக்கு வேண்டியது அது விட்டுப்போன பள்ளம்.
அலை இல்லை. ஓட்டம் இல்லை.
லாரிகள்கூட தூரத்தில், நான்குவழிச் சாலையில்.

டிராக்டர் டியூப் நான்கின் மேல் பலகை.
பலகையிலிருந்து தொங்கும் ஒயரின் நுனியில்
தண்ணீருக்குள் கேட்கிற காது.
ஹெட்போன் என் தலையில். இரவு மணி இரண்டு.

"கடலுக்குப் போறத இங்க வந்து ஏம்மா முக்குறீங்க?"
காவலுக்கு இருக்கும் சேவுகன் கேட்டார்.
கடல் சும்மா இருக்காதுங்க, அதான்.

முதல் காத்தாடி மூன்று இலை.
நேர் விளிம்பு, சின்ன வட்டம், வேகச் சுற்று.
இரண்டாயிரத்து நானூறு வரை ஒழுங்கு.
தாண்டியதும் காதுக்குள்
தகரக் கூரையில் மணல் அள்ளி வீசியது போல.
இலையின் முதுகில் அழுத்தம் விழுந்து
பச்சைத் தண்ணீர் கொதிக்கிறது, அடுப்பே இல்லாமல்.
பிறந்த குமிழி மறுகணம் நொறுங்கும்.
நொறுங்கும் ஒவ்வொன்றும் ஒரு சுத்தியல்.
ஒரு மாதம் ஓட்டி வெளியே எடுத்தால்
வெண்கலத்தில் அம்மைத் தழும்பு.
தண்ணீர் கடித்தது என்றேன்.
சேவுகன் டார்ச் அடித்து, விரலால் தடவி,
"பட்டறைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார்.

பட்டறை புதூரில்.
ஜெயக்கொடி அக்காவிடம் புது வரைபடம் கொடுத்தேன்:
ஐந்து இலை, பெரிய வட்டம், சுற்று பாதி,
நுனியில் சுமை ஏறாமல் பின்னோக்கி வளைவு.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்:
"பழசு கறிக்கடைல வெட்டுறது.
இது அருவாமனைல மீன் அரியிறது."
அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.
கூட்டை உரசிப் பின்னால் வரும் தண்ணீர்
ஒரு பக்கம் மந்தம், ஒரு பக்கம் வேகம்.
நேர் இலை மொத்தமாகப் போய் அதில் அறையும்.
வளைந்தது அடியில் தொட்டு
நுனியில் முடிக்கும்.

மார்கழியில் அதை இறக்கினோம்.
மணல் இல்லை, கொதிப்பு இல்லை.
பதிலுக்கு ஒரே ஒரு சுருதி,
நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுவது போல
மூச்சே விடாமல்.
கல்சுவர்கள் வாங்கி வாங்கித் திருப்பித் தந்தன.
நோட்டில் எதிரொலி என்று எழுதினேன். அடித்தேன்.
பேரிங் என்று எழுதினேன். அதையும் அடித்தேன்.
பாடியது இலை.
பின்விளிம்பில் இடம் வலமாய்ச் சுழி கழன்று விழ,
விழுகிற தாளமும்
வெண்கலத்துக்கு உள்ளே கிடந்த நடுக்கமும்
ஒன்றை ஒன்று கண்டுகொண்டன.

அக்கா கடைசி பஸ்ஸில் அரத்தோடு வந்தார்.
பின்விளிம்பை ஒரு பக்கம் மட்டும் சரித்தார்,
அரிசி தடிமனுக்கு, ஐந்து இலைக்கும்.
கையிலே தேய்ந்த பொடியை ஊதிவிட்டு
"போடு" என்றார்.

பாட்டு போயிருந்தது.
உந்துவிசையிலும் நூற்றுக்கு நான்கு போயிருந்தது.
ராமநாதபுரத்திலிருந்து போன்:
"அந்த நாலையும் குடுத்திருங்களேன்."
பேட்டரியைப் பெரிசாக்குங்கள் என்றேன்.

"யாருக்குத் தெரியக்கூடாதுன்னு
இம்புட்டுப் பாடு?" சேவுகன்தான்.
கடல்பசுவுக்கு.
தொண்டிப் பக்கம் ஆவுளியா என்பார்கள்.
கடலடிப் புல்லை அது மேய்கிற சத்தத்தை
பக்கத்தில் போய்க் கேட்டு வரவேண்டும்.
நம் சத்தம் அந்த மேய்ச்சலைவிடச் சின்னதாக
இருந்தால்தான் அது நிற்கும்.

கொஞ்ச நேரம் பீடியை மட்டும் இழுத்தார்.
"எங்கிட்ட ஆறு எருமை.
ராத்திரி அசைபோடுறது வாசவரைக்கும் கேக்கும்.
கேக்கலேன்னாதான் எனக்கு முழிப்பு வரும்."

மோட்டாரை நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றி
அவர் துண்டுக்கு மேலேயே மாட்டிவிட்டேன்.
கல்லில் பாசியை எதுவோ சுரண்டிக்கொண்டிருந்தது.
ஜிலேபிக் கெண்டையாக இருக்கலாம்.
கேட்டார். வெகுநேரம் கேட்டார்.
பிறகு மோட்டாரைப் போடச் சொல்லி
விரலைச் சுற்றிக் காட்டினார்.

போட்டேன்.
அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
சேவுகன் கையை உயர்த்தினார்.
"இரும்மா.
இன்னும் தின்னுது."